ஜி.டி.நாயுடு: ரூ.300 பைக்கைப் பிரித்துப் போட்டுத் தொழில் கற்றவரின் ரூ.2,000 கார் ரோட்டுக்கு வராமல் போனது ஏன்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ரவுண்டு வந்தால் இப்படி ஒரு காட்சி கண்ணில் படலாம். வீட்டு வாசலில் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் ஒரு பழைய புல்லட்டையோ யெஸ்டியையோ பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் போட்டிருப்பார்கள். பெங்களூருவில் யாரோ விற்ற பழைய வண்டியாக இருக்கும். வார நாட்களில் கம்பெனியில் புது வண்டிக்கு நட்டு போல்ட் முடுக்குகிற அதே கை, லீவு நாளில் பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கப் பார்க்கும்.

கையில் மொபைல் இருக்கிறது, அதில் வீடியோ இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. இது எதுவுமே இல்லாமல், 100 ஆண்டுகளுக்கும் முன்பே இதே வேலையைச் செய்தார் கோவை மாவட்டத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு அவர் பெயர் வைக்கப்பட்டபோது, அந்தப் பெயர் மறுபடியும் செய்திகளில் அடிபட்டது. ஆனால் அவர் அப்படி என்ன செய்தார்? அவர் கொண்டுவந்த கார் ஏன் விற்பனைக்கு வரவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கூல் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி, கோவை மாவட்டம் சூலூர் அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் என்றாலே பிடிக்காது. ஆசிரியர் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியதாகக் கூட அவரைப் பற்றிக் கதை உண்டு. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது.

பிறகு தோட்ட வேலை. கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே படித்தார். விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரிலேயே வாழ்ந்து முடித்திருக்க வேண்டிய ஆள்தான். அந்த வாழ்க்கையின் திசையை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள்.

300 ரூபாய் பைக்

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் பைக்கில் அந்தப் பக்கம் வந்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான 1912 மாடல் வண்டி அது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய ஊரில், எதுவும் இழுக்காமல் தானாக ஓடும் இரண்டு சக்கர வண்டியை நாயுடு அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. ஆனால் கையில் காசு கிடையாது. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் டேபிள் துடைத்து, சாப்பாடு பரிமாறி, சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் அந்த அதிகாரியைத் தேடிப் போய் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கலாம். அவர் முதலில் செய்தது, வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டதுதான். பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, எது எதோடு சேர்கிறது என்று புரிந்துகொண்டு, திரும்பக் கோத்து ஓட வைத்தார். மெக்கானிக் ஆவதற்கு அவர் படித்த படிப்பு இதுதான்.

கழற்றியதில் அவர் கற்றது என்ன?

அந்தக் காலத்து ஒற்றை சிலிண்டர் பைக்கில் எல்லாமே வெளிப்படையாக இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும். அந்தக் கலவை சிலிண்டருக்குள் போகும். மேக்னெட்டோ என்ற கருவி, பேட்டரி இல்லாமலேயே காந்தத்தின் நடுவே கம்பிச் சுருள் சுழல்வதால் மின்சாரம் உண்டாக்கி ஸ்பார்க் பிளக்கில் பொறியைக் கிளப்பும். கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ள, அந்த வேகம் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரே வண்டிக்குள் எரிபொருள், காந்தம், மின்சாரம், உராய்வு, குளிர்விப்பு என்று பல பாடங்கள் இருக்கின்றன. பின்னாளில் பஸ், மின் மோட்டார், ரேசர், ரேடியோ என்று நாயுடு கை வைத்த பல துறைகளின் அரிச்சுவடியும் இந்த பைக்குக்குள்ளேயே இருந்தது.

பஞ்சில் போன பணம், பஸ்ஸில் வந்த பணம்

எடுத்த எடுப்பிலேயே வெற்றி வரவில்லை. மெக்கானிக் வேலை பார்த்தார். பருத்தித் தொழிலில் இறங்கி நல்ல காசு பார்த்தார். அதே பணத்தோடு பம்பாய் போய் பஞ்சு வியாபாரத்தில் போட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் கடனாகக் கொடுத்த பணத்தோடு, தன்னால் முடிந்ததையும் புரட்டி 1920இல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். முருகன் கோயிலுக்குப் போகும் பக்தர்கள், சந்தைக்குப் போகும் வியாபாரிகள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை.

அந்த ஒற்றை பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யுஎம்எஸ் என்ற கம்பெனியாக வளர்ந்தது. 1930களில் 200க்கும் மேற்பட்ட பஸ்கள் அதன் பெயரில் ஓடின.

வாங்கியதை அப்படியே ஓட்டவில்லை

மற்ற பஸ் முதலாளிகளிடம் இருந்து நாயுடு வேறுபடுவது இங்கேதான். வெளிநாட்டில் இருந்து வந்த வண்டியை வந்த மாதிரியே ஓட்டிவிட்டு, கெட்டுப்போனால் ஆளைக் கூப்பிடுவது என்று அவர் இருக்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கும் ரோட்டுக்கும் பயணிகளுக்கும் ஏற்ற மாதிரி வண்டியையும் சர்வீஸையும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

கோடை வெயிலில் மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். அதற்கு ஒரு குளிர்விக்கும் கருவி செய்தார். எஞ்சினில் கோளாறு வருவதை அதன் அதிர்வை வைத்தே கண்டுபிடிக்க ஒரு சோதனைக் கருவி. டிக்கெட் கொடுக்க ஓர் இயந்திரம். பஸ் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பயணிகளுக்குக் காட்டவும் ஓர் ஏற்பாடு.

கூட்டம் சேர்ந்தால் கிளம்பலாம் என்று பஸ் ஓடிய காலத்தில், நேரத்துக்குக் கிளம்பும் பஸ் என்பதே மக்களுக்குப் புதுசு. பைக்கைப் பிரித்துப் படித்த அதே பழக்கத்தைத்தான் அவர் ஒரு முழு பஸ் கம்பெனிக்கும் பயன்படுத்தினார்.

1937: கோவையை மாற்றிய மோட்டார்

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. தோட்டங்களில் மாடு கட்டி ஏற்றம் இறைத்த விவசாயிகள் மின்சார பம்பு பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆனால் மோட்டார் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். விலையும் அதிகம், ரிப்பேர் என்றால் தலைவலி.

1937இல் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ், இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை வெளியே கொண்டுவந்தது. அவரோடு சேர்ந்து உழைத்த டி.பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பம்பு செட், மோட்டார், கிரைண்டர் என்றாலே கோவை நினைவுக்கு வருகிறது என்றால், அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் இந்த மோட்டாரும் இருக்கிறது.

ரேசர் முதல் ரேடியோ வரை

நாயுடு பலமுறை வெளிநாடு போனார். ஜெர்மனி மேல் அவருக்குத் தனி ஈடுபாடு. போகும் இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்ப்பார், கேமராவில் படம் பிடிப்பார். 1936இல் லண்டனில் நடந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைக் கூட அவரே படம் எடுத்தார்.

அவர் உருவாக்கியவற்றில் சில:

- பேட்டரி செல்லில் ஓடும் சிறிய மோட்டார் வைத்த ரேசந்த் என்ற ஷேவிங் ரேசர்
- மிக மெல்லிய ஷேவிங் பிளேடு
- கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி
- பழச்சாறு பிழியும் கருவி
- மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன்
- தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம்

1941இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. விவசாயத்தையும் விடவில்லை. பருத்தி, பப்பாளி, ஆரஞ்சு என்று தோட்டத்திலும் சோதனைகள் நடத்தினார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன் அவரை மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். இந்தியாவின் எடிசன் என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

நாலு வருஷப் படிப்பு எதற்கு?

1944இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பில் இருந்து நாயுடு விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அவருடைய நன்கொடையில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார்கள். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத நாயுடு அதன் முதல்வர் ஆனார்.

அங்கேயும் மோதல். நான்கு ஆண்டு பொறியியல் படிப்பு நேர விரயம் என்பது அவர் கருத்து. கையால் செய்து பழகினால் பாதிக் காலம் போதும் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இப்போது வேறு இடத்தில் இயங்கினாலும், அவிநாசி சாலையில் அந்த பஸ் ஸ்டாப்பை மக்கள் இன்னமும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

ரூ.2,000 கார்: என்ன ஆச்சு?

சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல், பெட்ரோலில் ஓடும் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன கார் ஒன்றைக் கொண்டுவந்தார் நாயுடு. விலை 2,000 ரூபாய். வசதியான சிலர் மட்டுமே கார் வைத்திருந்த நாட்டில், நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்த வண்டி அது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் தயாரித்து விற்க அரசு லைசென்ஸ் தரவில்லை. தயாரிப்பு நின்றுபோனது.

ஏன் அப்படி? அந்தக் காலச் சூழலையும் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டு தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முக்கியமான தொழில்களில் யார், எதை, எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசே தீர்மானிக்கும். இதைத்தான் பின்னாளில் லைசென்ஸ் ராஜ் என்று சொன்னார்கள்.

அரசின் வாதம் என்ன? அந்நியச் செலாவணி குறைவு, இரும்பு குறைவு. இருப்பதை அணைக்கும் உரத்துக்கும் ரயிலுக்கும் செலவிட வேண்டும், கார் அவசரத் தேவை இல்லை. கார் தயாரிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. உதிரிபாகங்களைக் கொண்டுவந்து இங்கே கோத்து விற்ற ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெரிய கம்பெனிகளே 1950களின் நடுவுக்குள் இந்தியாவில் கடையைக் கட்டின.

வாதம் நியாயமா இல்லையா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரண மக்களுக்கான கார் என்று சொல்லி மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில். விலை ஏறக்குறைய 48,000 ரூபாய். நடுவில் போனது 31 ஆண்டுகள்.

உடைத்துக் காட்டிய கோபம்

வரியும் லைசென்ஸும் தன் கையைக் கட்டிப்போட்டதாக நாயுடு நினைத்தார். 1950களில் அவர் காட்டிய எதிர்ப்பு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தான் உருவாக்கிய பொருட்களையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். அவருக்கு நெருக்கமான பெரியாருக்கே இந்தச் செயல் பிடிக்கவில்லை. மக்களுக்குப் பயன்பட வேண்டிய பொருளை உடைப்பது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

நாயுடுவின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு பொருளைக் கண்டுபிடித்ததும் அடுத்ததற்குத் தாவிவிடும் சுபாவம் அவருக்கு. அவர் செய்த பல கருவிகள் பெரிய அளவில் சந்தைக்கு வரவே இல்லை. அதனால்தான் அவற்றில் பலவற்றை இன்று கடையில் பார்க்க முடியாது, காட்சிக்கூடத்தில்தான் பார்க்க முடியும். லைசென்ஸ் கிடைக்காதது ஒரு காரணம் என்றால், இந்தக் குணமும் ஒரு காரணம்.

1967இல் அவர் பெயரில் தொழில் கண்காட்சி அமைக்கப்பட்டது. 1974 ஜனவரி 4ஆம் தேதி, 80 வயதில் அவர் காலமானார்.

ஓசூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாயுடு பஸ் ஓட்ட ஆரம்பித்த அதே தலைமுறையில், மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரும் பஸ் தொழிலில் இறங்கினார். 1911இல் தொடங்கியது அந்த டிவிஎஸ் குழுமம். பஸ்ஸில் இருந்து உதிரிபாகங்களுக்கும், அதில் இருந்து வண்டித் தயாரிப்புக்கும் போனது. 1980இல் ஓசூரில் இருந்து வெளியே வந்தது டிவிஎஸ் 50 மொபெட். அதே ஆண்டில் அசோக் லேலண்டும் ஓசூரில் ஆலையைத் தொடங்கியது. காய்கறி மூட்டையும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு கிராமத்து ரோட்டில் ஓடிய மொபெட், சாதாரண ஆட்களுக்கான வண்டி என்ற கனவை வேறு விதமாக நனவாக்கியது.

இரண்டு பேரும் பஸ்ஸில்தான் தொடங்கினார்கள். ஒரு பெயர் தொழிற்சாலையாக நிலைத்தது, இன்னொன்று காட்சிக்கூடமாக நிலைத்தது. ஒரு ஆளின் திறமை மட்டும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடாது. அனுமதி, முதலீடு, ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் பொறுமை என எல்லாம் சேர வேண்டும்.

இன்று வீட்டில் பழைய வண்டியை மாற்றலாமா?

நாயுடு காலத்தில் பைக்கைப் பிரித்து மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்று அப்படி இல்லை. ரிப்பேர் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் சிக்கல் இல்லை. மாற்றி அமைப்பதில்தான் கவனம் தேவை.

- மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.
- எஞ்சினை மாற்ற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. சி.என்.ஜி. அல்லது எலெக்ட்ரிக் கிட் பொருத்துவதானால், அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருக்க வேண்டும்.
- விதியை மீறி மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை.
- 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். 2021இல் வந்த விதி இது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். தினசரி ஓட்ட அனுமதி கிடையாது.
- கர்நாடக நம்பர் வண்டியை வாங்கி ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வைத்து ஓட்டுவதானால், 12 மாதத்துக்கு மேல் போனால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று அவசியம்.

அவிநாசி சாலையில் மிச்சம் இருப்பது

இன்று கோவை அவிநாசி சாலையில் போனால் நாயுடுவின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரே ரோட்டில் கிடக்கிறது. அவர் மோட்டார் செய்த பீளமேடு, சண்டை போட்டு வெளியேறிய ஹோப் காலேஜ், அவர் சேர்த்த கருவிகள் இருக்கும் காட்சிக்கூடம். அவர் குடும்பத்தினர் 2015இல் திறந்த கார் மியூசியத்தில் பழைய கார்களைப் பளபளவென்று பராமரித்து வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு மேலே அவர் பெயரைச் சுமந்த மேம்பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடுகின்றன.

அந்தக் கார்களில் எதுவும் அவருடைய 2,000 ரூபாய் கார் இல்லை. ஆனால் ஓசூரிலோ கோவையிலோ ஒரு பையன் பழைய வண்டியை வாசலில் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பக் கோக்க வருமா வராதா என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், நாயுடுவும் ஒரு காலத்தில் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.